பிறந்த வீட்டுச் சாமியிடம் ஒரு வழக்கு

நூலக வாசகர் வட்டத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்: "ஜெர்மனி போயிட்டு வந்தீகளே, ஒரு கட்டுரை எழுதக் கூடாதா?" எழுதலாம். ஆனால் அங்கே நான் பார்த்தது ஓர் ஆஸ்பத்திரி வராந்தா, கண்ணாடிக்கு வெளியே விடாமல் பெய்த பனி, பொழுது சாய்வதற்குள் கொண்டு வந்து வைத்துவிடும் ஆறிப்போன ரொட்டி. அதில் ஊர் எங்கே இருக்கிறது? அந்தப் பயணத்தால் நேர்ந்த இன்னொரு பயணத்தை எழுதுகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிப் பக்கம். பஸ்ஸில் ஏறி ஒரு சின்னத் தூக்கம் போட்டால் வந்துவிடும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் வேணி அங்கே விண்மீன் மண்டலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மார்கழியில் ஒரு காலை, சைக்கிளில் போனவள் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தாள். தலையில் அடி. இடது கால் முறிந்துவிட்டது. தகவல் சொன்ன பெண் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். அந்த நிதானம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் கணவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. என்றோ சிங்கப்பூர் போவதாக இருந்து போகாமல் விட்டதில் எனக்கு இருந்தது. பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு எங்கள் உரக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் தனியாக விமானம் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது அறுவைக்காக அவளை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். வராந்தாவில் நின்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, இவளை எந்திரிச்சு நடக்க வச்சிரு. உன் வாசல்ல வந்து பொங்கல் வைக்கிறேன். இனிமே இவளை எங்கயும் அனுப்ப மாட்டேன்."

அவள் எழுந்தாள், நடந்தாள், ஊருக்கு வந்து சேர்ந்தாள். வேண்டுதலின் முதல் பாதியை வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை. அவளோ ஆவணியில் திரும்பிப் போவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் இன்னொரு கோளாறும் உண்டு. எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் குலசாமி. அந்த முறைப்படி நான் கூப்பிட்டிருக்க வேண்டியது என் கணவர் வீட்டு அய்யனாரை. அந்த வராந்தாவில் என் வாயில் வந்ததோ பரளச்சிப் பக்கம் என் பிறந்த வீட்டுக் காளி. கணவருக்கு இது தெரிந்த நாளிலிருந்து கிண்டல் ஓயவில்லை.

"இம்புட்டு வருசம் எங்க அய்யனாருக்குக் கெடா வெட்டித் தின்னுட்டு, இக்கட்டுன்னு வந்ததும் உங்க வீட்டுச் சாமியக் கூப்பிட்டிருக்க. அவரு காதுல விழுந்தா என்ன நெனப்பாரு?"

"அவரு குதிரை அம்புட்டுத் தூரம் வராதுன்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

ஆனி மாதத்து வியாழக்கிழமை காலையில் நானும் வேணியும் கிளம்பினோம். அன்று அண்ணன் வீட்டில் தங்கல், வெள்ளிக்கிழமை பொங்கல், சனிக்கிழமை திரும்புவது. கணவர் கடையை விட்டு வர முடியாது. பஸ் ஸ்டாண்டு வரை வந்து, காராச்சேவுப் பொட்டலத்தை வேணியின் மடியில் வைத்துவிட்டு, "பாப்பாவ ஜன்னலோரம் உக்கார வைக்காத, கம்பி இடிக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பயத்தில் நாங்கள் இருவரும் ஒரே ரகம். வேணி ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள்.

ஜெர்மனியில் வேணி இருந்த ஊரில் பஸ்ஸும் டிராமும் சொன்ன நிமிஷத்துக்கு வரும். உள்ளே ஒருவரும் பேச மாட்டார்கள். ஒருநாள் டிராமில் ஒரு பாட்டி என் சேலையை ஆசையாகப் பார்த்தாள். நான் சிரித்ததும் சட்டென்று வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நம் பஸ்ஸில் அந்தச் சங்கடமே இல்லை. காலடியில் கொத்தமல்லி விதை மூட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், சீட்டு வாங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"பாப்பாவுக்குக் காலு என்ன?"

சொன்னேன்.

"அடி ஆத்தி. என்ன படிக்குது?"

"வானத்தைப் பத்தி."

"அப்ப மழை எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க. விதைக்கவா வேணாமான்னு இருக்கு."

வேணி எட்டிப் பார்த்துச் சொன்னாள். "எங்க கணக்கு பத்துக் கோடி வருசம் முன்னப் பின்ன இருக்கும்க்கா."

"அது பரவால்ல. டிவியில சொல்றவுகளுக்கு நீ தேவலை. அப்ப என்னதான் பாக்குற?"

"கேலக்ஸின்னு ஒண்ணு. கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த கூட்டம். அது எப்படிப் பொறந்து வளருதுன்னு பாக்கணும். ஆனா ஒண்ணு வளர்றத உக்காந்து பாக்குறதுக்கு நம்ம ஆயுசு பத்தாது. அதனால இந்த பஸ் மாதிரிதான்க்கா. இதுல கைப்புள்ள இருக்கு, பள்ளிக்கூடத்துப் புள்ளைக இருக்கு, அந்தா கம்பியப் பிடிச்சுத் தூங்குற தாத்தா இருக்காரு. ஒருத்தருக்கு ஒருத்தர் சொந்தமில்ல. இந்த பஸ்ஸ ஒரே ஒரு போட்டோ எடுத்துக் கையில குடுத்து, மனுசன் எப்படி வளர்றான்னு சொல்லுன்னா? அந்த வேலைதான்."

அந்தப் பெண் முழுக்கக் கேட்டாள். பிறகு, "அந்தத் தாத்தா எனக்குச் சொந்தந்தான். எங்க சின்ன மாமனாரு" என்றாள்.

வேணி சிரித்த சிரிப்பில் தாத்தா விழித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பரளச்சிக்கு முன்னால் டயர் வெடித்தது. நான் வேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "டயரும்மா, வெறும் டயரு" என்று அவள்தான் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். எல்லாரும் இறங்கி வேலிக்கருவேல் நிழலுக்கு ஒதுங்கினோம். இருபுறமும் உழுது போட்ட கரிசல், வெடிப்பு விட்டுக் கிடந்தது. நுங்கு விற்கிறவர் எங்கிருந்துதான் வந்தாரோ, சைக்கிளில் குலையோடு வந்து நின்றார். பனையோலை மடிப்பில் வைத்து ஆளுக்கு நாலு சுளை. அங்கே ஆஸ்பத்திரியில் தினமும் ஒரு கிண்ணத்தில் குளுகுளுவென்று ஏதோ கொடுப்பார்கள். "நுங்குன்னு நெனச்சுக்கிட்டுச் சாப்பிடும்மா" என்று வேணி அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. அதை நுங்கு என்று நினைக்கவே முடியவில்லை.

சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே கரிமூட்டம் போட்டிருந்தார்கள். கருவேல் விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசி, காற்றுப் புகாமல் உள்ளுக்குள்ளேயே வேகவைத்துக் கரி எடுப்பது. பார்வைக்கு மண்மேடுதான். வேணி பையிலிருந்து தீப்பெட்டி அளவு ஒரு கருவியை எடுத்துச் செல்போனில் செருகினாள். வெளிச்சத்தைப் படம் பிடிக்காமல் சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா. பள்ளிக்கூடங்களில் காட்டுவதற்காக அவளுடைய ஆராய்ச்சிக் குழுவில் கொடுத்தது. வீட்டில் நான் அதை வாங்கி, அவள் தூங்கும்போது அவள் காலைத்தான் பார்ப்பேன். முறிந்த கால் மற்றதைவிட மங்கலாகத் தெரிகிறதா, காய்ச்சல் காட்டுகிறதா என்று. ஒருநாள் பிடிபட்டேன். "அம்மா, நான் கேலக்ஸி இல்ல" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மூட்டத்தின் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக இருவர் நின்றார்கள்.

"என்னத்துக்குப் போட்டோ புடிக்கிறீக? எல்லாம் எங்க பட்டா நெலந்தான்" என்றார் அவர்.

"போட்டோ இல்லண்ணே, சூடு. வந்து பாருங்க."

திரையில் வெயிலில் கிடந்த மண் முழுக்க மஞ்சளாகத் தகதகத்தது. அதன் நடுவே அந்த மனிதர் கருநீலமாக நின்றார். எங்கள் வெயிலில் மண்ணைவிட மனிதர்கள்தான் குளிர்ச்சி. பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீகளா, நீங்க கருப்புன்னு மிஷினே சொல்லிருச்சு" என்றாள்.

"உன்னையப் புடிக்கச் சொல்லு. மிஷினு அவிஞ்சு போகும்."

வேணி கருவியை மூட்டத்தின் பக்கம் திருப்பினாள். கண்ணுக்குச் செத்துக் கிடந்த மேட்டில் ஒரு பக்கம் வெள்ளையாக எரிந்தது. அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தார். "உள்ள எத்தனை மூட்டை தேறும்னு இதுல காட்டுமா?"

வேணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதாம்மா என் வேலை" என்றவள், அவரிடம் சொன்னாள். "காட்டாதுண்ணே. அதை நாமதான் கணக்குப் போடணும். வெளிய வர்ற சூட்ட வச்சு, உள்ள எவ்வளவு வெறகு, எப்பப் பத்த வச்சது, இன்னும் எவ்வளவு மிச்சம்னு."

"சரியா வருமா?"

"பாதி நேரம் வராது."

"எங்களுக்கும் அப்படித்தான் தாயி."

டயர் மாட்டும் வரை அந்த நிழலில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். ஆறு வருஷமாகப் போனில் சொல்லி நான் "ம்" கொட்டிய விஷயம் அன்றுதான் புரிந்தது. புது நட்சத்திரங்கள் பிறக்கிற இடத்தில் எப்போதும் தூசி மண்டிக் கிடக்குமாம். நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அந்தத் தூசி குடித்துவிட்டுச் சூடாகும். அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடும். சாதாரணத் தொலைநோக்கியில் பார்த்தால் ஒன்றுமில்லாத இருட்டு. அகச்சிவப்பில் பார்த்தால் உள்ளே அடுப்பு எரிகிறது. பூமியின் சூடே கண்ணை மறைக்கும் என்பதால் அந்தத் தொலைநோக்கியை வெகுதூரத்துக்கு அனுப்பி, வெயில் படாமல் குடை மாதிரி ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். பிறகு கம்ப்யூட்டரில் இவர்களே ஆயிரக்கணக்கில் பொய் மண்டலங்களை வளர்ப்பது. இவ்வளவு வாயு, இவ்வளவு தூசி, இத்தனை வேகத்தில் நட்சத்திரங்கள் என்று வைத்தால் என்ன சூடு வரும்? அது மேலே கண்டதோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகாவிட்டால் திரும்பவும் வளர்ப்பது.

"ஒரு கேலக்ஸி மட்டும் ஒத்தே வரல" என்றாள். "நான் எப்படி வளர்த்தாலும் அதுல இருக்குற சூடு என் கணக்குக்கு மேல இருக்கு. விழுந்த அன்னைக்கு அதைப் பாக்கத்தான் சீக்கிரமாப் போனேன்."

அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று தெரியாமல் வெளியூர் வந்துவிட்டவளின் முகம் அப்போது அவளுக்கு.

அவளுடைய தொழிலை ஆறு வருஷமாக நானும் செய்திருக்கிறேன் என்று பட்டது. போனில் அவள் குரல் கரகரத்தால் குளிர் இவ்வளவு, சுருக்கமாகப் பேசினால் சண்டை, கூடுதலாகச் சிரித்தால் சாப்பிடவில்லை. இப்படி வெளியே வந்ததை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுத்தான் அவளை வளர்த்தேன். எந்தக் கணக்கிலும் அந்தப் பனிக்கட்டி வரவில்லை.

வெள்ளிக்கிழமை. என் அண்ணன் சோலைக்கு இந்த வருஷம் கோவில் பூசாரி முறை. கோவில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கரிசல் காட்டு நடுவில் ஒரு வேப்பமரம், காளி, நாலு சூலம். தாய்மாமன் என்ற உரிமையில் அண்ணன் வேணியைக் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"மருமகளே, அந்த ஊருல பொங்கல் வைக்க வெறகு கெடைக்குமா?"

"கரண்ட் அடுப்புதான் மாமா."

"அப்ப குலவை போட்டா அதுவும் கரண்டுலயா?"

கல்லைக் கூட்டி, பனையோலை வைத்து வேணியே பற்றவைத்தாள். அரிசி களைந்து போட்டோம். வேணி கிண்டத் தொடங்கிய நேரத்தில் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டாம் பாதியைக் காதோடு சொன்னேன். அண்ணனுக்குக் காதோடு பேசத் தெரியாது. காட்டில் மாடு விரட்டிய குரல்.

"என்னது? புள்ளைய இனி அனுப்ப மாட்டேன்னா? ஆத்தாகிட்டயா சொன்ன?"

வேணியின் அகப்பை நின்றது. "என்னைக் கேக்காமலேயாம்மா?"

"நீ மயக்க மருந்துல கெடந்த. எப்படிக் கேக்குறது?"

"எந்திரிச்சப்புறம் கேட்டிருக்கலாம்ல?"

பாலவனத்தத்தில் இருக்கும் என் நாத்தனார் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "இங்கயே ஒரு மாப்பிள்ளயப் பாத்து முடிச்சு விடுங்க மதினி" என்று. நான் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. எனக்குச் சாமி இருந்தது. கடைசி வாரத்தில், "ஆத்தாளுக்குக் குடுத்த வாக்கு, மீறக் கூடாது" என்று சொல்லிவிட்டால் போதும் என்று வைத்திருந்தேன்.

"மருமகளே, கிண்டுறத விட்டுறாத, அடிப்புடிக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் சூலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரில் வரப்புத் தகராறு என்றாலும் இப்படித்தான் உட்காருவார். துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டார்.

"இந்தா பாரு பாக்கியம். நீ நம்ம வீட்டுப் பொண்ணு. கட்டிக்குடுத்து அனுப்பியாச்சு. உன் மக அவுக அப்பன் வகையறா. அவளுக்கு முடி எறக்குனது எங்க?"

"அய்யனார் கோயில்ல."

"காது குத்துனது?"

"அங்கதான்."

"என் மடியில உக்கார வச்சுத்தான் குத்துனீக, சரி. ஆனா கோயில் அவுகளுது. அப்ப அவளப் புடிச்சு நிறுத்தி வைக்க நம்ம ஆத்தாளுக்கு என்ன பாத்தியதை இருக்கு? அடுத்தவன் காட்டக் காட்டி நீ பத்திரம் எழுதிக் குடுத்த மாதிரியில்ல இருக்கு."

"அப்ப வேண்டுதலு செல்லாதாண்ணே?"

"பொங்கலு செல்லும். அது உன் கைப்பண்டம். புள்ள செல்லாது. ஆனா வாய்விட்டுச் சொன்ன சொல்லு. வாய்விட்டே திருப்பி வாங்கிரு. ஆத்தா ஒண்ணும் நெனைக்க மாட்டா. நம்ம வீட்டுப் பொண்ணு கலங்கிப்போய்க் கூப்பிட்டிருக்கான்னு அவளுக்குத் தெரியும்."

எனக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சாமி விலகிக்கொண்டது. இனி இவளை நிறுத்துவதென்றால் நான்தான் நிறுத்த வேண்டும். என் பயத்தைச் சொல்லி, என் பெயரில். வேப்பங்காற்று புகையை எங்கள் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது.

வேணி கெஞ்சவில்லை. கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"போகணுமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"போகணும்மா."

"பயமா இல்லையா?"

"இருக்கு. படத்துல பனியப் பாத்தாலே கால் கூசுது. ராத்திரி விழுற மாதிரி கனவு வருது. உன்கிட்டச் சொல்லல." அகப்பையைப் பானை விளிம்பில் தட்டினாள். "ஆனா அந்தக் கேலக்ஸி அங்க எரிஞ்சுக்கிட்டே இருக்கும்மா. ஏன்னு யாருக்கும் தெரியல. தெரியாம என்னால இங்க உக்கார முடியாது."

பயமில்லை என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். போனில் அவள் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. கணக்குப் போட ஒன்றும் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

காளிக்கு முன்னால் போய் நின்றேன். "ஆத்தா, தெரியாமச் சொல்லிட்டேன். அவளை அனுப்புறேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "நீயும் கூடப் போ. அங்க குளிரு தாங்காது. ஒரு சால்வை எடுத்துக்க."

"ஆத்தாளுக்குப் பாஸ்போர்ட்டு யாரு எடுக்குறது?" என்றார் அண்ணன்.

வேணி ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "புகைம்மா" என்றாள். பானை பொங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மதினி, அண்ணன் மனைவி, குலவை போட்டாள். நானும் போட்டேன். எனக்குப் பாதிக் குலவையில் இருமல் வந்துவிட்டது. அடிப்பிடித்த பொங்கல்தான். அண்ணன் மூன்று முறை வாங்கித் தின்றார்.

சனிக்கிழமை அண்ணனுக்குத் திருச்சுழியில் ஒரு வேலை இருந்தது. எங்களையும் கூட்டிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் விட்டார். போகும்போது அவள் தலையில் கை வைத்து, "மழை வருமான்னு மட்டும் பாத்துச் சொல்லு மருமகளே" என்றார். டீக்கடையில் ஆமவடை சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேணி இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதைக் கையில் எடுத்த நேரம், அருப்புக்கோட்டை பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.

அந்தக் காலால் ஓடலாம் என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள் ஆகிறது. நான் ஓட விட்டதில்லை. மாடிப்படியில்கூடக் கூடவே இறங்குவேன். வேணி வடையை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள். இடது கால் கொஞ்சம் தாமதமாக விழுந்தது, ஆனால் விழுந்து எழுந்தது. "பாத்து" என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பஸ்ஸின் பக்கவாட்டைப் படார் படார் என்று தட்டினாள். படியில் கால் வைத்து ஏறிவிட்டாள். ஏறித் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை என்னை நோக்கி நீட்டினாள்.

"ஓடி வாம்மா!"

நான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதில்லை. சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தேன். பொங்கல் தூக்குச்சட்டி இன்னொரு கையில் ஆடியது. டீக்கடையே பார்த்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார், "மெதுவா வாங்கக்கா, விழுந்துறாதீக. பஸ்ஸு நிக்கும்."

பஸ் நின்றது. நான் நிற்கவில்லை. அந்தக் கையைப் பிடிக்கிற வரைக்கும் ஓடினேன்.